இழுத்து மூடிய காயம்

...விழட்டும். பதினொரு மணிக்கு அந்த நீள மேசைக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, முதல் படத்தைத் திரையில் போட்டு, ஏழே நாளில் காயம் தொண்ணூறு சதவீதம் மூடிவிட்டது என்று அவன் சொல்லும்போது, அடுத்த கட்டத்துக்கு அனுமதி கொடுக்க வெளியிலிருந்து வந்திருக்கும் நிபுணர்கள் மூன்று பேரில் ஒருவராவது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்தத் தோலின் ஸ்லைடைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்கட்டும், அவன் விழட்டும், எழுந்திருக்க முடியாதபடி விழட்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் ஸ்லைடுகள் செருகிய சட்டத்தை நீலச் சாயத் தொட்டியில் இறக்கினாள். எட்டு நிமிடம். மேசைக் கடிகாரத்தைத் திருகி வைத்தாள். மனதுக்குள் அவன், நேரில் சார். மூன்று வருடமாக இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாமல் காப்பாற்றுவதே பெரிய பாடு, ஒரு நாள் அவன் காதுபடவே 'அவன்' என்று வாய்வரை வந்து, நல்லவேளை இருமலாக மாறிவிட்டது, தண்ணி குடிங்க மேடம் என்று அவனே எடுத்துக் கொடுத்தான், அதையும் குடித்துத் தொலைத்தாள். இன்று காலை வீட்டில் கண்மூடி உட்கார்ந்தபோதும் வழக்கம்போலத்தான், மகளுக்கு நல்ல புத்தியைக் கொடு, வீட்டுக்காரருடைய முழங்கால் வலி குறையட்டும், ஆய்வுக்கூடத்து உயிர்கள் வலியில்லாமல் இருக்கட்டும், கடைசியில் அவன். அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்று வருடமாக அவள் பிரார்த்தனை முடிந்ததே இல்லை. வேண்டியவர்களுக்காகக்கூட யாரும் இவ்வளவு தவறாமல் வேண்டிக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டுக் கணவர் சொன்னார், "கடவுள் உன் மனுவைப் பிரிச்சுப் பார்த்தார்னா அந்த ஆளுக்குத்தான் முதல்ல ஏதாவது நல்லது பண்ணுவார், அவ்வளவு சிபாரிசு பண்ணி வெச்சிருக்கே." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தது, ஆனால் காட்டவில்லை.

கடிகாரம் மணியடித்தது, சட்டத்தைத் தூக்கிக் குழாய் நீரில் அலசினாள். நீலம் கரைந்து ஓடியது. இன்னும் நாலு நல்ல ஸ்லைடு வேண்டும், நிபுணர்கள் பார்க்கும்படி பளிச்சென்று இருக்கணும் என்று நேற்றுச் சொல்லிவிட்டுப் போயிருந்தான், பளிச்சென்று... எலியின் முதுகில் விரல்நக அளவுக்கு வட்டமாகத் தோலை எடுத்துவிட்டு அது எப்படித் திரும்ப வளர்கிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு, பாதி எலிகளுக்கு அவன் கண்டுபிடித்த களிம்பு, மீதிக்கு வெறும் உப்புநீர்க் கட்டு. குறித்த நாளில் அந்தத் தோலை எடுத்து, மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. முதல் நாளில் உறைந்த ரத்தம். மூன்றாம் நாளில் எங்கிருந்தோ ஓடிவந்து நெருக்கியடிக்கும் வெள்ளணுக்கள், தீப்பிடித்த வீட்டின் முன் கூடும் கூட்டத்தைப் போல, அதில் பாதி அங்கேயே செத்துவிடும், செத்ததை விழுங்கிச் சுத்தம் செய்ய வேறு செல்கள் வரும். ஏழாம் நாளில் மணி மணியாகச் சிவந்த புதுத்திசு, அதற்குள் செங்குத்தாக ஏறும் மெல்லிய ரத்தக்குழாய்கள், இரண்டு ஓரத்திலிருந்தும் நாக்கை நீட்டுவது போல நீண்டு வரும் மேல்தோல். பதினாலாம் நாளில் கூட்டம் கலைந்திருக்கும், நார்செல்கள் மட்டும் வரிசையாகப் படுத்து நார் நூற்றுக்கொண்டிருக்கும். இருபத்தொன்றாம் நாளில் தழும்பு. இருபத்து மூன்று வருடமாகப் பார்க்கிறாள், ஒவ்வொரு முறையும் கைகூப்பத் தோன்றும், யார் சொல்லி இவை முறைவைத்து வருகின்றன, யார் சொல்லிப் போகின்றன? வந்தவை வேலை முடிந்தும் போகாமல் நின்றுவிட்டால் அந்தக் காயம் ஆறவே ஆறாது என்று படித்தது நினைவுக்கு வந்தது, வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டு, சட்டத்தை ரோஜா நிறச் சாயத்தில் இறக்கினாள். இது ஒரு நிமிடம் போதும், எண்ணிக்கொண்டால் போதும்.

எலிக்குத் தோலுக்கு அடியில் மெல்லியதாக ஒரு தசைத்தாள் உண்டு, மனிதர்களுக்கு அது இல்லை. தோலில் ஓட்டை விழுந்தால் எலியின் தசைத்தாள் சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல இழுத்து மூடிவிடும், புதுத்தோல் வளர்ந்திருக்காது, பழைய தோலே நகர்ந்து வந்து மறைத்திருக்கும். அதனால்தான் காயத்தைச் சுற்றி சிலிக்கோன் வளையம் ஒன்றை ஒட்டி, சுருங்காமல் பிடித்து வைப்பார்கள். வளையம் கழன்ற எலியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, இந்த ஆய்வு செய்பவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். மூன்று நாளுக்கு முன்னால், எந்த ஸ்லைடு எந்த எலிக் கூட்டத்தைச் சேர்ந்தது என்ற குறியீட்டுப் பட்டியல் திறக்கப்பட்டு அவள் மேசைக்கு வந்தபோது, ஏழாம் நாள் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக வைத்து ஒப்பிட்டாள், ஒப்பிட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை, பழக்கம். அப்போதுதான் தெரிந்தது. களிம்பு போட்ட பதினாலில் பதினொன்றில் புதுத்திசுவே கொஞ்சம்தான், இரண்டு பக்கத்து மயிர்க்கால்களும் ஒன்றையொன்று முட்டும்படி சாய்ந்து நிற்கின்றன, கீழே தசைத்தாள் பாய் சுருட்டினாற்போல் மடிந்து கிடக்கிறது. உப்புநீர்க் கூட்டத்தில் ஒன்றுகூட இப்படி இல்லை. அவன் களிம்பு எதையும் ஆற்றவில்லை, தோல் இழுத்து மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியதை எப்படிச் சொல்வது... ஆண்டவனே, கேட்டுவிட்டாயா? என்றுதான் தோன்றியது. மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்து, உறையைப் போர்த்தி, வீட்டுக்குப் போய் மகளுக்குப் பிடித்ததைச் சமைத்தாள்.

மகள்... அவள் கேட்ட ஒரு கேள்வியிலிருந்துதானே இந்த வெறுப்பெல்லாம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அறுவை முடிந்த ஐந்து எலிகள் மயக்கம் தெளியாமல் வெப்பத் தட்டின் மேல் கிடந்தன, அவள் கட்டுத்துணி எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள், பத்து நிமிட வேலை, கதவு பூட்டு மக்கர் பண்ணியதில் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது அறையில் யாரும் இல்லை, வெப்பத் தட்டின் ஒயர் தரையில் கிடந்தது, அது செருகியிருந்த மின்துளையில் அவனுடைய கேமராவின் ஒயர். மயக்கத்தில் இருக்கும் எலிக்கு உடம்புச் சூடு நிற்காது, அவள் உள்ளங்கையில் வைத்து ஊதினாள், தேய்த்தாள், ஒன்றும் எழுந்திருக்கவில்லை. விசாரணையில் அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான், அப்போது அவன் பெரிய ஆளில்லை, வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும், நிரந்தரமாக்கும் உத்தரவுக்குக் காத்திருந்தான். கேமராவா, நான் எடுக்கும்போது தட்டு சூடாகத்தான் இருந்தது, அப்புறம் என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் சொன்னான். அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், அவன் சொன்னதை நம்பினார்கள். கோப்பில் ஒரு தாள், கவனக்குறைவு, விலங்குகள் மீது கருணையின்மை. இனி விலங்கறை வேலை கிடையாது, இந்தச் சாய அறை மட்டும். சம்பளம் அதேதான், அது போகட்டும். ஆனால் அந்தச் சொல்? எலியைத் தூக்கும்போது 'பயப்படாதே கண்ணு' என்று சொல்லாமல் தூக்கியதில்லையே அவள். மகளின் வகுப்பில் இங்கே வேலை செய்பவரின் பெண் ஒருத்தி படித்தாள், ஒரு சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று மகள் கேட்டாள், "அம்மா, நீ எலிங்களைக் குளிர்ல சாக விட்டுட்டியாமே, நிஜமாவா?" பதினொரு வயது. இல்லடா என்றாள். மகள் சரி என்றாள், ஆனால் அன்றைக்குக் காய்ச்சல் வந்த பூனைக்குட்டியை அம்மா கையில் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள்... அந்தப் பூனைக்குட்டிக்காக ஒருநாள் அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்லைடுகளின் மேல் பசை வைத்துக் கண்ணாடிச் சில்லை ஒட்டி, காயப் போட்டுவிட்டு, மணி பத்து என்று பார்த்துக்கொண்டு, விலங்கறைக்கு நடந்தாள். வளையம் கழன்றதற்கு எழுத்தில் சான்று வேண்டும். நாளைக்கு யாராவது, மேடம் சீவியதில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டால்? ஒருமுறை சூடுபட்டது போதாதா? அவன் விழும்போது ஒரு செங்கல்கூட அவள் பக்கம் உருளக் கூடாது. கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை எல்லாரும் கூண்டக்கா என்றே கூப்பிடுவார்கள், உரத்த குரல், பெரிய கைகள், அந்தக் கைகளில் எந்த எலியும் கடித்ததில்லை. "வாம்மா, வழி மாறி வந்துட்டியா? மூணு வருஷமா எட்டிப் பார்க்கல, எலிங்கல்லாம் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்குதுங்க" என்றாள். எலிங்க மூணு வருஷம் உயிரோட இருக்காதே அக்கா என்றதற்கு, "அதுங்க பேரப் புள்ளைங்க கேட்டுதுங்க, போதுமா? உக்காரு" என்று ஒரு தீவன வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். வாசனை அப்படியே இருந்தது, மரத்தூள், சூடான சின்ன உடம்புகள். ஆழமாக ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டாள், ஏன்? இதற்காகவா வந்தாள்? வளையமெல்லாம் சரியாக நின்றதா அக்கா என்று கேட்டாள், எதேச்சையாகக் கேட்பதுபோல. "எங்க நின்னுது? தினம் ரெண்டு மூணு கழண்டுடும். களிம்பு போட்டதுங்களுக்குத்தான். எண்ணெய்ப் பசையில கோந்து நிக்குமா சொல்லு? காலையில வந்து பார்த்தா வளையம் ஒரு பக்கம், எலி ஒரு பக்கம். தொடச்சுட்டு நானே திரும்ப ஒட்டிடுவேன், நோட்டுல எழுதியிருக்கேன் பாரு." எழுதியிருந்தாள், பக்கம் பக்கமாக, வளையம் சரி செய்யப்பட்டது, வளையம் சரி செய்யப்பட்டது, பக்கத்தின் அடியில் அவனுடைய கையெழுத்து, படிக்காமல் போட்ட கையெழுத்து. கிடைத்துவிட்டது. அப்போதே எழுந்து வந்திருக்கலாம். முன்பெல்லாம் கோந்தோடு எட்டுத் தையலும் போடுவோமே அக்கா, இப்போது ஏன் போடவில்லை என்று எதற்காகக் கேட்டாள்? "டாக்டர்தான் வேணாம்னுட்டார். மொத ரெண்டு எலியும் தையலைக் கடிச்சுக் கடிச்சு ரத்தக் களறியாக்கிடுச்சுங்க, அதைப் பார்த்துட்டு அவருக்கு மனசு கேக்கல. பாவம், கோந்தே போதும்னார். உனக்கு ஒண்ணு தெரியுமா, மயக்கம் தெளியற வரைக்கும் பக்கத்துலயே உக்கார்ந்திருப்பாரு, தட்டுல சூடு இருக்கான்னு கையை வெச்சு வெச்சுப் பார்ப்பாரு, ஒயரை இழுத்து இழுத்துப் பார்ப்பாரு. டீ ஆறிப்போனாக்கூட எழுந்திருக்க மாட்டாரு. நான்கூடக் கிண்டல் பண்ணுவேன், என்ன சார், தலைப் பிரசவமான்னு."

ஒயரை இழுத்து இழுத்துப் பார்ப்பானாம்! நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நடைபாதையில் திரும்பி வரும்போது காது மடல் சுட்டது, இப்போதா இரக்கம், ஐந்து உயிர் போன பிறகா, என் பேரைக் கொடுத்து வாங்கிய ஜாக்கிரதையா இது? அப்படியானால் அவனுக்குத் தெரியும். இத்தனை வருடமும் எந்த ஒயரைப் பிடுங்கினோம் என்று தெரிந்துகொண்டேதான் தண்ணி குடிங்க மேடம் என்றிருக்கிறான். தெரியாமல் மறந்துபோயிருந்தால்கூட மன்னித்துவிடலாம்... மன்னிப்பாளா? தெரியவில்லை. அவன் கல்மனசுக்காரனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம், எலி கடித்துக்கொள்வதைப் பார்த்து மனசு கேட்காதவன், அந்த மனசு கேட்காததாலேயே ஆய்வைக் கோட்டை விட்டவன், இவனை எந்த இடத்தில் பிடித்து வெறுப்பது? இல்லை, வெறுக்கலாம், அவளால் முடியும், பழகிய வேலைதான். பேசாமல் இரு. நிபுணர்கள் கண்டுபிடித்தால் இன்றைக்கு விழுவான். கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் நல்லது, அடுத்த கட்டத்துக்குப் போவான், இன்னும் உயரத்திலிருந்து விழுவான். அடுத்த கட்டம்... கூண்டக்கா வாசல்வரை வந்து சொன்னாளே, "அடுத்த வாரம் பன்னிக்குட்டிங்க வருதாம், பன்னெண்டு. பின்கட்டைக் கழுவி வெச்சாச்சு. முதுகுல ஆளுக்கு ஆறு காயமாம், ஐயோ, அதுங்க மனுஷக் குழந்தை மாதிரியே கத்தும்மா." பன்றித் தோல் மனிதத் தோல் மாதிரி, இழுத்து மூடாது, அதில் அந்தக் களிம்பு பல்லிளித்துவிடும், அவன் மானம் போகும். பன்னிரண்டு ஆறு எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு இடத்தில் தோலை எடுப்பார்கள், ஒன்றுக்கும் ஆகாத களிம்புக்காக, ஒன்றுக்கும் ஆகாது என்று தெரிந்த ஒருத்தி இதே கட்டடத்தில் உட்கார்ந்து சாயம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது. கருணையின்மை. நடைபாதையின் நடுவில் அவள் நின்றுவிட்டாள். அந்தத் தாளில் இருப்பது பொய் என்றுதானே மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கடவுளிடம்கூட. இன்னும் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது உண்மையாகிவிடும். யாருக்கும் தெரியாது, யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் பூனைக்குட்டியை அவளிடம் கொடுக்காத மகள் செய்தது சரியென்று ஆகிவிடும். பாவி, உன்னைக் காப்பாற்றுவதற்கா நான் இப்போது ஓட வேண்டும்? என்று முணுமுணுத்துக்கொண்டே சாய அறைக்கு ஓடினாள், ஸ்லைடு இன்னும் சரியாகக் காயவில்லை, ஓரத்தைப் பிடித்து எடுத்துக்கொண்டாள்.

கூட்ட அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் அவன் தனியாகச் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தான், சட்டைக் காலரில் விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கியது, புதுச் சட்டை. ஸ்லைடு ரெடியா மேடம் என்றான். ரெடி சார், ஆனா ஒண்ணு நீங்க பார்க்கணும். "இப்பவா? இருபது நிமிஷம்தானே இருக்கு." இப்பவேதான் சார். மூலையில் இருந்த மைக்ராஸ்கோப்பில் அவளே வைத்து, சரியான இடத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவன் குனிந்தான். முதலில் சாதாரணமாக, பிறகு திருகியைத் தானே பிடித்து, கீழே, இன்னும் கீழே. அவன் விரல் நின்றது. "தசைத்தாள் மடிஞ்சிருக்கு" என்றான், அவளிடம் சொல்வதுபோல இல்லை. ஆமா சார். "எத்தனையில?" களிம்பு போட்ட பதினாலுல பதினொண்ணு, உப்புநீர்ல ஒண்ணுகூட இல்ல. கூண்டக்காவின் நோட்டை விரித்து வைத்தாள், அவங்க மேல தப்பில்ல சார், ஒட்டினா போதும்னு நினைச்சுட்டாங்க, கையெழுத்து உங்களோடது. கடைசி வார்த்தையை மெதுவாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, அதில் கொஞ்சம் இனிப்பு இருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவன் நிமிர்ந்தான். இந்த முகத்துக்காகத்தான் மூன்று வருடம், இதை எத்தனை விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள், கடைசியில் அது பல்வலிக்காரனின் முகம்போல இருந்தது, வேறொன்றும் இல்லை. தையல் போட்டிருக்கணும், நான்தான் வேணாம்னேன் என்றான். கொண்டுவந்த தாள்களை அடுக்கினான், மறுபடி கலைத்தான். "நான் உள்ள போய், இதை வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லிடறேன். பன்னிங்களை நிறுத்தச் சொல்லிடலாம்." வாசல்வரை போனவன் திரும்பி, சாதாரணமாகத்தான் கேட்டான், குரலில் ஒன்றும் இல்லை, "நீங்க இதை எப்ப மேடம் பார்த்தீங்க?"

மூன்று நாளாச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூன்று நாள் என்றால் ஏன் சொல்லவில்லை என்று வரும், ஏன் என்று வந்தால் கோப்பில் இன்னொரு தாள் ஏறும், அந்தத் தாளை மகள்... இதையெல்லாம் அவள் யோசித்தாளா? யோசிக்க எங்கே நேரம் இருந்தது, அதற்குள் வாய் சொல்லிவிட்டது, "இப்பத்தான் சார், இந்த ஸ்லைடைப் பார்த்தப்பதான்." எவ்வளவு சுலபமாக வந்தது. ஒரு பொய்யைச் சொல்கிறோம் என்றுகூட இல்லாமல், காலடியில் கல் தட்டினால் கை தானாகச் சுவரைப் பிடித்துக்கொள்வதைப் போல. விசாரணை அறையில் அந்த நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவனுக்கும்... இல்லை, அதுவும் இதுவும் ஒன்றில்லை, அங்கே இன்னொருத்தியின் பெயர் போயிற்று, இங்கே யாருக்கு என்ன போயிற்று? ஒன்றும் போகவில்லையே. அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு, சரி என்றான், தேங்க்ஸ் மேடம் என்றான், போனான், சட்டைக் காலரில் நூல் ஆடிக்கொண்டே போயிற்று, சொல்லியிருக்கலாம், சொல்ல விட்டுப்போயிற்று. உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைக்கக் கை நீட்டியபோதுதான் அவளுக்கு உறைத்தது, பதினாலில் பதினொன்று என்றாளே, உப்புநீரில் ஒன்றுகூட இல்லை என்றாளே, அத்தனை ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாக வைத்து, பார்த்து, எண்ண ஒரு முழு நாள் ஆகும், இந்தக் கட்டடத்தில் அது அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்... தெரிந்துதான் சரி என்றானா?